20 பைட் பேக்கப்

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். 7 லினக்ஸ் சர்வர்கள், பார்த்துக்கொள்ள நான் ஒருவன்தான். டிஸ்க் நிரம்புகிறதா என்று பார்ப்பது, இஆர்பி (நிறுவனத்தின் பில், கணக்கு மென்பொருள்) டேட்டாபேஸை பேக்கப் எடுப்பது, பழைய ஃபைல்களை அழிப்பது, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு லாகின் உருவாக்குவது என்று காலை நேரம் முழுக்க இதிலேயே போய்விடுகிறது. இணையத்தில் கிடைத்த ஒரு பேக்கப் ஸ்கிரிப்டை மாற்றி எழுதி, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் க்ரானில் போட்டேன். கையால் ஓட்டினால் நன்றாக ஓடுகிறது. போன வாரம் தற்செயலாக பேக்கப் ஃபோல்டரைத் திறந்தால், அங்கே கிடந்த ஃபைல்கள் அத்தனையும் 20 பைட். 7 நாளுக்கு முந்தையதை அழிக்கும் வரியும் அதே ஸ்கிரிப்டில் இருந்ததால் நல்ல பேக்கப் ஒன்றுகூட மிச்சமில்லை. ஸ்கிரிப்டையும் க்ரான் வரியையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எங்கே தவறு? நம்பி விடக்கூடிய ஸ்கிரிப்டை எப்படி எழுதுவது? பாஷ் என்ற ஷெல் மொழியை விட்டுவிட்டு நேராக ஆன்சிபிள் (பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் கருவி) படிக்கலாமா? மேலாளருக்கு இன்னும் இந்த விஷயம் தெரியாது.

பதில்:

நண்பருக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் அவசரம். இதைப் படிக்கும்போது உங்களிடம் நல்ல பேக்கப் ஒன்று இன்னும் இல்லை என்றால், மீதியை அப்புறம் படியுங்கள். முதலில் கையாலேயே டேட்டாபேஸின் முழு டம்ப் (தரவு முழுவதையும் ஒரு ஃபைலில் எழுதிய நகல்) எடுத்து, அதை இன்னொரு சர்வருக்கும் நகல் அனுப்புங்கள். அடுத்த வேலை, மேலாளரிடம் இன்றைக்கே எழுத்தில் சொல்வது. எந்தத் தேதியிலிருந்து பேக்கப் இல்லாமல் இருந்தது, இப்போது நகல் எங்கே இருக்கிறது, மறுபடி நடக்காமலிருக்க என்ன செய்கிறீர்கள் என்று நாலைந்து வரி போதும். டிஸ்க் ஒன்று கெட்டுப்போன நாளில் அவருக்கு இது தெரியவந்தால் உங்கள் பக்கம் பேச யாரும் இருக்க மாட்டார்கள். இன்றைக்குச் சொன்னால், பிரச்சினையைக் கண்டுபிடித்தவர் நீங்கள்.

சரி, ஸ்கிரிப்டுக்கு வருவோம். கட்டளைகளை நாம் பேசும்போது சொல்வதுபோலவே எழுதுகிறேன். டெர்மினலில் அவற்றை எப்படித் தட்டுவது என்று உங்களுக்குத் தெரியும்.

20 பைட் என்ற எண்ணே நோயைச் சொல்லிவிடுகிறது. ஃபைலைச் சுருக்கும் கருவியான ஜிஜிப்புக்கு உள்ளே எதுவுமே வராவிட்டாலும் அது ஒரு முறையான ஃபைலை எழுதும். தலைப்புக்கு 10 பைட், ஒன்றுமில்லாத உள்ளடக்கத்துக்கு 2 பைட், முடிவில் சரிபார்ப்புக்கு 8 பைட். காலி உறையை ஒட்டி முத்திரை குத்தித் தபாலில் சேர்ப்பது போலத்தான். வெளியிலிருந்து பார்த்தால் ஃபைல் இருக்கிறது, பெயரில் தேதி இருக்கிறது, ஜிஜிப்பைக் கொண்டு சோதித்தாலும் பழுதில்லை என்றே வரும்.

ஏன் காலியாக வந்தது? உங்கள் டம்ப் புரோகிராமான மைஎஸ்க்யூஎல்டம்ப் இருப்பது ‘யூஎஸ்ஆர் லோக்கல் மைஎஸ்க்யூஎல் பின்’ என்ற ஃபோல்டரில். நீங்கள் லாகின் ஆகும்போது உங்கள் ப்ரொஃபைல் அந்த ஃபோல்டரையும் பாத் வேரியபிளில், அதாவது புரோகிராம்களைத் தேட வேண்டிய ஃபோல்டர்களின் பட்டியலில், சேர்த்துவிடுகிறது. க்ரான் அந்த ப்ரொஃபைலைப் படிப்பதே இல்லை. பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களில் அதற்குத் தெரிந்த பாத், ‘யூஎஸ்ஆர் பின்’னும் ‘பின்’னும் மட்டும்தான். அதனால் நள்ளிரவில், கட்டளைகளை ஓட்டும் ஷெல் அந்தப் புரோகிராமைத் தேடியது, கிடைக்கவில்லை, 127 என்ற எக்ஸிட் கோடோடு நின்றது. கட்டளையே கிடைக்கவில்லை என்பதற்கான எண் அது.

அங்கேயே ஸ்கிரிப்ட் நின்றிருக்க வேண்டும். நிற்காததற்குக் காரணம், ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு உள்ளீடாகக் கொடுக்கும் பைப் வழியாக டம்பை ஜிஜிப்புக்கு அனுப்பியது. பைப்பில் எத்தனை கட்டளை கோத்திருந்தாலும், ஷெல் கணக்கில் எடுப்பது கடைசிக் கட்டளையின் முடிவை மட்டும்தான். கடைசியில் இருந்த ஜிஜிப் தன் வேலையை ஒழுங்காக முடித்து பூஜ்யம் சொன்னது. பூஜ்யம் என்றால் வெற்றி. ஸ்கிரிப்ட் அடுத்த வரிக்குப் போய், பழைய நல்ல ஃபைல்களை அழித்தது.

இவ்வளவு நடந்தும் உங்கள் காதுக்கு ஒரு சத்தம்கூட வராதது ஏன்? க்ரான் வரியின் கடைசியில், வெளியீட்டையும் பிழைச் செய்தியையும் சேர்த்து, எதைப் போட்டாலும் மறைந்துவிடும் ‘டெவ் நல்’லுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். இணையத்தில் கிடைக்கும் க்ரான் உதாரணங்கள் பலவற்றில் இந்த வால் ஒட்டியிருக்கும். எனக்கு இந்தத் தொழிலில் எதன்மேலாவது கோபம் உண்டென்றால் அது இந்த வாலின்மேல்தான். ‘கட்டளை கிடைக்கவில்லை’ என்ற ஒரு வரிச் செய்தி ஒவ்வொரு இரவும் வந்திருக்கிறது. ஒவ்வொரு இரவும் அதைக் குப்பைக்கு அனுப்பியிருக்கிறது அந்த வால்.

உங்கள் கேள்விக்கு என் பதிலின் சாரம் இதில்தான் இருக்கிறது. ஸ்கிரிப்ட் எழுதுவதில் கட்டளைகளை வரிசையாக அடுக்குவது சின்ன வேலை. வேலை நடக்காதபோது நின்றுவிடு, நின்றதைச் சொல் என்று அதற்குப் பழக்குவதுதான் பெரிய வேலை. கையால் செய்யும்போது இதை நம் கண் செய்கிறது. பிழை வந்தால் பார்க்கிறோம், அடுத்த கட்டளையைத் தட்டாமல் யோசிக்கிறோம். க்ரானில் போட்ட நிமிடமே அந்தக் கண் போய்விடுகிறது. அதற்கு ஈடாக ஸ்கிரிப்டுக்குள் எதையாவது எழுதி வைக்காவிட்டால், கையால் செய்வதே மேல்.

இது சின்ன நிறுவனங்களுக்கு மட்டும் வரும் கேடு இல்லை. 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராமர்களின் கோடைச் சேமித்துவைக்கும் சேவை தரும் கிட்லாப் நிறுவனத்தில், இரண்டாம் டேட்டாபேஸ் சர்வரில் அழிக்க நினைத்த ஃபோல்டரை ஒரு பொறியாளர் முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி இருந்த இடத்தில் 4.5 ஜிபி மிஞ்சியது. சரி, பேக்கப் இருக்கிறதே என்று போனால், அன்றாடப் பேக்கப் பல நாளாகவே நடக்கவில்லை. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, ஓடிய டம்ப் கருவி 9.2 பதிப்பு, பதிப்பு பொருந்தாமல் ஒவ்வொரு முறையும் பிழையில் முடிந்திருக்கிறது. அந்தப் பிழையைச் சொல்ல க்ரான் அனுப்பிய மெயில்களையோ, அனுப்புநர் சரிபார்ப்பு ஒழுங்காக அமைக்கப்படாததால், பெறும் மெயில் சர்வர் நிராகரித்துவிட்டது. வேறொரு வேலைக்காக ஒருவர் 6 மணி நேரம் முன்பு எடுத்துவைத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் (அந்தக் கணத்தின் டிஸ்க் நகல்) அவர்களைக் காப்பாற்றியது. அந்த 6 மணி நேரத் தரவு போனது போனதுதான். உங்களுக்கு நடந்தது இதே நோய். அவர்கள் அதை ஒளிக்காமல் முழுதாக எழுதி வெளியிட்டார்கள், மீட்பு வேலையை நேரலையில்கூடக் காட்டினார்கள். மேலாளரிடம் சொல்லத் தயங்குகிறீர்களே, அதற்காகவும்தான் இதைச் சொல்கிறேன்.

இப்போது திருத்தம். முதல் வரியில் பாஷ் என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். க்ரானில் ‘எஸ்ஹெச்’ என்று எழுதி அதன்பின் ஸ்கிரிப்ட் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். அப்படி ஓட்டினால் அந்த முதல் வரிக்கு மதிப்பே இல்லை. டெபியனிலும் உபுண்டுவிலும் எஸ்ஹெச் என்பது பாஷ் அல்ல, டேஷ் என்ற வேறொரு ஷெல். கையால் பாஷில் ஓடியது இரவில் டேஷில் ஓடும். ஸ்கிரிப்டுக்கு எக்ஸிக்யூட் அனுமதி கொடுத்து, க்ரானில் அதன் முழுப் பாதையை மட்டும் எழுதுங்கள்.

அடுத்த வரி: செட் -இ, -யூ, -ஓ பைப்ஃபெயில். மூன்றும் சேர்ந்துதான் வர வேண்டும். -இ இருந்தால் ஒரு கட்டளை தோற்றதும் ஸ்கிரிப்ட் நிற்கும். -யூ இருந்தால் மதிப்புக் கொடுக்காத வேரியபிளைத் தொட்டதும் நிற்கும். பைப்ஃபெயில் இருந்தால், பைப்பின் நடுவில் யார் தோற்றாலும் முழு பைப்பும் தோற்றதாகக் கணக்காகும். உங்கள் விஷயத்தில் -இயும் இந்த மூன்றாவதும் சேர்ந்து இருந்திருந்தாலே போதும், பழைய ஃபைல்கள் பிழைத்திருக்கும்.

ஆனால் இந்த வரியைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். -இ நிறைய இடங்களில் கண்ணை மூடிக்கொள்ளும். ஒரு ஃபங்ஷனை ‘இஃப்’ நிபந்தனைக்குள் அழைத்தால், அந்த ஃபங்ஷனுக்குள் எது தோற்றாலும் -இ கண்டுகொள்ளாது. ‘லோக்கல்’ என்று அறிவிக்கும் அதே வரியில் ஒரு கட்டளையின் வெளியீட்டை வேரியபிளில் வாங்கினால், அந்தக் கட்டளையின் தோல்வி மறைந்துவிடும். அறிவிப்பை ஒரு வரியிலும் மதிப்பை அடுத்த வரியிலும் எழுதினால் மறையாது. எதிர்ப்பக்கமும் உண்டு. க்ரெப் தேடிய சொல் கிடைக்காவிட்டால் 1 என்று சொல்லும். அது பிழையே இல்லாத இடத்திலும் ஸ்கிரிப்ட் நின்றுபோகும். அந்த இடங்களை மட்டும் ‘இஃப்’ போட்டு நீங்களே கையாள வேண்டும். ஷெல்செக் என்ற இலவசக் கருவி இருக்கிறது. மேற்கோள்குறி இல்லாத வேரியபிள், லோக்கல் வரி விவகாரம் எல்லாவற்றையும் வரி எண்ணோடு காட்டிக்கொடுக்கும். அது சுட்டும் ஒவ்வொன்றையும் ஏன் என்று படித்துத் திருத்துங்கள். புத்தகத்தை வைத்துக்கொண்டு பாஷ் படிப்பதைவிட இது வேகமான படிப்பு.

பாத் வேரியபிளை ஸ்கிரிப்டின் தலையிலேயே நீங்களே எழுதிவிடுங்கள். க்ரானுக்குப் போகும் முன் ‘என்வ் -ஐ’ போட்டு, அதாவது எந்த வேரியபிளும் இல்லாத வெற்றுச் சூழலில், ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இரவில் வரப்போகும் பிழை பகலிலேயே வந்துவிடும். க்ரான் வரியில் சதவீதக் குறி வந்தால் கவனம். க்ரான் அதை வரி முடிவாக எடுத்துக்கொள்ளும். தேதி வடிவத்தை அந்த வரியிலேயே எழுதுபவர்கள் எல்லாரும் ஒருநாள் இதில் மாட்டுவார்கள். தேதியை ஸ்கிரிப்டுக்குள் வைத்துக்கொண்டால் வம்பே இல்லை. டெபியன், உபுண்டுவில் ‘க்ரான் டெய்லி’ ஃபோல்டரில் ஸ்கிரிப்டைப் போடுவதாக இருந்தால், பெயரில் புள்ளி இருக்கக் கூடாது. ‘பேக்கப் புள்ளி எஸ்ஹெச்’ என்ற ஃபைலை அது ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் தாண்டிப் போய்விடும்.

அடுத்தது, டம்ப் முழுதாக வந்ததா என்று பார்ப்பது. இதற்கு உங்களிடம் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. மைஎஸ்க்யூஎல்டம்ப் தன் வேலையை முடித்ததும் ஃபைலின் கடைசி வரியில், டம்ப் முடிந்தது என்று ஒரு குறிப்பை, இரண்டு ஹைஃபனோடு தொடங்கி, எழுதிவிட்டுத்தான் போகும். நடுவில் கனெக்ஷன் அறுந்தாலோ டிஸ்க் நிரம்பினாலோ அந்த வரி வராது. ஆகவே ஸ்கிரிப்ட் இப்படிப் போகட்டும்: முதலில் தற்காலிகப் பெயரில் ஒரு ஃபைலுக்கு டம்ப் எடுக்கிறது. அதை ஸீகேட் கொண்டு விரித்து, கடைசி வரிகளைக் காட்டும் டெயிலுக்கு அனுப்பி, கடைசி வரியில் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் மட்டும் ‘எம்வி’ போட்டு உண்மையான பெயருக்கு மாற்றுகிறது. ஒரே ஃபைல்சிஸ்டத்துக்குள் பெயர் மாற்றம் ஒரே நொடியில் முழுதாக நடக்கும். அரைகுறை நிலை என்று ஒன்று கிடையாது. அப்படியென்றால் பேக்கப் ஃபோல்டரில் சரியான பெயரோடு ஒரு ஃபைல் இருந்தாலே அது சரிபார்த்த ஃபைல் என்று நம்பலாம். தற்காலிக ஃபைலை எப்படி முடிந்தாலும் துடைத்துப் போக ‘ட்ராப்’ கட்டளையில் எக்ஸிட்டைப் பிடித்து ஒரு வரி எழுதுங்கள்.

டம்ப் கட்டளையிலும் இரண்டு திருத்தம். டேபிள்கள் இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல் தரவைச் சேமிக்கும் ஒரு முறை) என்பதால் ‘சிங்கிள் டிரான்ஸாக்ஷன்’ ஆப்ஷனைச் சேருங்கள்; ராத்திரி ஷிஃப்டில் யாராவது பில் போட்டுக்கொண்டிருந்தாலும் அவர்களைத் தடுக்காமல், ஒரே கணத்தின் தரவு கிடைக்கும். பாஸ்வேர்டைக் கட்டளை வரியிலேயே எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்து, உரிமையாளர் மட்டும் படிக்கும்படி 600 அனுமதி வைத்த ‘மை சிஎன்எஃப்’ ஃபைலுக்கு மாற்றிவிடுங்கள். அப்படியே அந்தப் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். இத்தனைக்கும் அதை அழிக்காமலே எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

அழிக்கும் வரிக்கு வருகிறேன். இங்கேதான் நான் அதிகம் நிற்க வேண்டும்.

ஒரு ஸ்கிரிப்ட் அழிக்கிறது என்றால், எதை அழிக்கிறது என்பதை அது மூன்று வகையில் தவறாகப் புரிந்துகொள்ளலாம். ஒன்று, காலி வேரியபிள். 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் விளையாட்டுச் செயலியின் ஸ்கிரிப்டில் வெளிவந்த பிழை இது. தன் ஃபோல்டரின் பாதையை ஒரு வேரியபிளில் வாங்கி, அதன்பின் ஒரு சாய்கோடும் நட்சத்திரமும் சேர்த்து அழிக்கும் வரி. பயனர் அந்த ஃபோல்டரை வேறிடத்துக்கு மாற்றியிருந்த ஒரு சூழலில் வேரியபிள் காலியாக நின்றது. மிஞ்சியது சாய்கோடும் நட்சத்திரமும், அதாவது டிஸ்க்கின் வேரிலிருந்து எல்லாமும். அந்தப் பயனருக்கு அனுமதியுள்ள ஃபைல்கள் எல்லாம், இணைத்திருந்த வெளி டிஸ்க்கில் இருந்தவை உட்பட, அழிந்தன. செட் -யூ மட்டும் இதைத் தடுக்காது, ஏனென்றால் வேரியபிளுக்கு மதிப்பு இருந்தது, அது காலி மதிப்பு. அழிக்கும் வரியில் வேரியபிளை எழுதும்போது அடைப்புக்குள் பெயரை அடுத்து கோலனும் கேள்விக்குறியும் போடுங்கள். காலியாக இருந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும்.

இரண்டு, ஃபைல்களைத் தேடும் ‘ஃபைண்ட்’ கட்டளையின் வரிசை. ஃபைண்ட் தன் நிபந்தனைகளை இடமிருந்து வலமாகப் பார்க்கும். ‘-டெலீட்’டை முன்னால் எழுதி, பெயர் நிபந்தனையைப் பின்னால் எழுதினால், பெயரைப் பார்ப்பதற்கு முன்பே அழித்துவிடும். எப்போதும் முதலில் டெலீட்டுக்குப் பதிலாக ‘-பிரின்ட்’ போட்டு ஓட்டி, வரும் பட்டியலைக் கண்ணால் படித்த பிறகே மாற்றுங்கள். எம்டைம் (ஃபைல் கடைசியாக மாறிய நேரம்) +7 என்றால் 7 நாள் தாண்டியது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஃபைண்ட் 24 மணி நேரங்களை முழுசாக எண்ணி, பின்னத்தை விட்டுவிடும். 8 நாள் முழுதாக முடிந்த ஃபைல்தான் அதில் அகப்படும். பேக்கப்புக்கு இது நல்லதே. டிஸ்க் இடம் இறுக்கமாக இருக்கும்போதுதான் கணக்கு உதைக்கும்.

மூன்றாவது பலருக்குத் தெரியாது. 2021 டிசம்பரில் ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர்கம்ப்யூட்டரில், 10 நாளுக்கு மேல் பழைய லாக் ஃபைல்களை அழிக்க வேண்டிய ஒரு ஸ்கிரிப்ட், ஆராய்ச்சித் தரவை அழித்தது. 77 டெராபைட், சுமார் 3.4 கோடி ஃபைல்கள், 14 ஆய்வுக் குழுக்களுடையவை. அதில் 4 குழுக்களின் தரவை மீட்கவே முடியவில்லை. ஸ்கிரிப்டில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை. பழைய ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் புதிய பதிப்பை எழுதிவிட்டார்கள். பாஷ் ஒரு ஸ்கிரிப்டை முழுதாகப் படித்து வைத்துக்கொண்டு ஓட்டாது. கொஞ்சம் படிக்கும், ஓட்டும், மறுபடி படிக்கும். பாதியில் ஃபைல் மாறினால், மாறிய ஃபைலின் நடுவிலிருந்து தொடரும். அப்படித் தொடர்ந்தபோது, வேரியபிள்களுக்கு மதிப்புக் கொடுக்கும் வரிகள் தாண்டிப்போய், மதிப்பில்லாத வேரியபிளோடு அழிக்கும் வரி ஓடியது.

இதற்கு மருந்து எளிது. ஸ்கிரிப்ட் முழுவதையும் ‘மெயின்’ என்ற ஒரு ஃபங்ஷனுக்குள் எழுதி, கடைசி வரியில் அதை அழைத்துவிட்டு, அதே வரியில் எக்ஸிட்டும் போடுங்கள். ஃபங்ஷன் முழுவதையும் படித்து முடித்த பிறகுதான் பாஷ் அதை ஓட்டும். சர்வரில் ஸ்கிரிப்டை மாற்றும்போது அதே ஃபைலுக்குள் திருத்தாமல், வேறு பெயரில் எழுதிவைத்து எம்வி போடுங்கள். ஓடிக்கொண்டிருப்பது பழைய ஃபைலையே பிடித்துக்கொண்டு முடியும்.

இத்தனையையும் விட முக்கியமான ஒரு மாற்றம் உங்கள் ஸ்கிரிப்டுக்கு வேண்டும். நாளை வைத்து அழிப்பதை விட்டுவிடுங்கள். புதிய பேக்கப் சரிபார்த்து முடிந்த பிறகுதான் அழிக்கும் பகுதிக்கே போக வேண்டும், அங்கேயும் எண்ணிக்கை வைத்து அழிக்க வேண்டும்: சரிபார்த்த ஃபைல்களில் புதியவை 14 எப்போதும் இருக்கட்டும், அதற்குமேல் இருப்பது போகட்டும். அப்போது பேக்கப் ஒரு மாதம் நின்றுபோனாலும் கடைசி 14 நல்ல ஃபைல்கள் அப்படியே இருக்கும். நாள் கணக்கில் அழிக்கும் ஸ்கிரிப்ட், பேக்கப் நின்ற அன்றே உங்கள் நல்ல ஃபைல்களுக்கு நாள் குறித்துவிடுகிறது.

ஒன்று ஓடி முடியும் முன் அடுத்தது தொடங்கிவிடாமல் இருக்க ‘எஃப்லாக் -என்’ போட்டு ஓட்டுங்கள். டேட்டாபேஸ் பெருத்துக்கொண்டே போகும். இன்றைக்கு 10 நிமிடம் எடுக்கும் வேலை என்றைக்காவது ஒருநாள் நீளத்தான் செய்யும்.

இனி, தோல்வி உங்கள் காதுக்கு எப்படி வருவது? டெவ் நல் வாலை எடுத்துவிட்டு, ‘மெயில்டு’ வேரியபிளில் உங்கள் முகவரியைக் கொடுத்தால், ஸ்கிரிப்ட் ஏதாவது பேசினால் க்ரான் மெயில் அனுப்பும். ஸ்கிரிப்ட் வெற்றி பெற்றால் பேசாமல் இருக்க வேண்டும். தினமும் ‘எல்லாம் நலம்’ என்று மெயில் வந்தால் இரண்டாவது வாரத்தில் நீங்கள் அதைத் திறப்பதை நிறுத்திவிடுவீர்கள். வெற்றிச் செய்தியை ‘லாகர்’ கட்டளையால் சர்வரின் பதிவேடான சிஸ்லாகுக்கு அனுப்புங்கள், தேடும்போது கிடைக்கும்.

ஆனால் மெயில் வரவில்லை என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு: எல்லாம் சரி, அல்லது மெயிலே செத்துவிட்டது. கிட்லாபுக்கு நேர்ந்தது இரண்டாவது. அதனால் காவலை வேறொரு சர்வரில் வையுங்கள். அது தினமும் காலை பேக்கப் ஃபோல்டரைப் பார்த்து இரண்டே கேள்வி கேட்கட்டும். கடைசி ஃபைல் 26 மணி நேரத்துக்குள் வந்ததா? அதன் அளவு, முந்தைய ஃபைலில் பாதிக்குக் குறையாமல் இருக்கிறதா? இரண்டில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தால் அலுவலகத்தில் நீங்கள் எதை உறுதியாகப் பார்ப்பீர்களோ அந்த வழியில் செய்தி வரட்டும். பேக்கப் ஸ்கிரிப்ட் தன்னைப் பற்றிச் சொல்வதை நம்பாமல், அது விட்டுச்சென்ற பொருளைப் பார்ப்பதுதான் இதன் பலம். க்ரான் நின்றாலும், சர்வரே அணைந்திருந்தாலும், டேட்டாபேஸ் பாஸ்வேர்டை யாரோ மாற்றியிருந்தாலும் இந்த ஒரே சோதனையில் தெரிந்துவிடும். இதை எழுத 15 வரிகூட ஆகாது. உங்கள் 20 பைட் ஃபைல் முதல் நாளே அகப்பட்டிருக்கும்.

டிஸ்க் கண்காணிப்பும் அதே காவல் ஸ்கிரிப்டில் வரலாம். 85 சதவீதம் தாண்டினால் மட்டும் செய்தி. டிஎஃப் கட்டளையில் -ஐ ஆப்ஷனையும் சேர்த்துப் பாருங்கள். இடம் மிச்சமிருக்கும்போதே ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் வேண்டிய பதிவு இடம்) தீர்ந்து, புதிய ஃபைல் எழுத முடியாமல் போவது உண்டு. ஆயிரக்கணக்கில் செஷன் ஃபைல்களைக் கொட்டும் வெப் சர்வர்களில் அடிக்கடி நடக்கும்.

லாகின் உருவாக்கும் வேலையில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரே ஸ்கிரிப்டை இரண்டு முறை ஓட்டினாலும் கெடுதல் வரக் கூடாது. ஒவ்வொரு பெயருக்கும் முதலில் ‘ஐடி’ கட்டளையால் ஏற்கெனவே இருக்கிறாரா என்று பார்த்து, இல்லாவிட்டால் மட்டும் யூசர்ஆட். ஃபோல்டருக்கு ‘எம்கேடிஐஆர் -பி’. ஒரு கான்ஃபிக் ஃபைலில் வரி சேர்ப்பதாக இருந்தால், முதலில் க்ரெப். இப்படி எழுதினால் 40 பேரில் 23ஆவது ஆளிடம் நின்றுபோனாலும், பிழையைச் சரிசெய்து முதலிலிருந்தே ஓட்டலாம். மனிதவளப் பிரிவிலிருந்து வரும் பட்டியல் எக்செலில் செய்த சிஎஸ்வியாக இருக்கும். அதில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கேரேஜ் ரிட்டர்ன் எழுத்து ஒட்டியிருக்கும். கடைசிக் கட்டத்தில் குரூப் பெயர் இருந்தால் ‘அப்படி ஒரு குரூப்பே இல்லை’ என்று பிழை வரும், நீங்கள் திரையில் பார்த்தால் பெயர் சரியாகவே தெரியும். படிப்பதற்கு முன் ‘டாஸ்2யுனிக்ஸ்’ ஓட்டிவிடுங்கள். முதல் லாகினிலேயே பாஸ்வேர்டை மாற்றவைக்க ‘சேஜ் -டி 0’.

7 சர்வரிலும் ஒரு கட்டளையை ஓட்ட, பெயர்ப் பட்டியலை ‘வைல் ரீட்’ கொண்டு படித்து எஸ்எஸ்ஹெச் (வேறு சர்வருக்குள் நுழைந்து கட்டளை ஓட்டும் வழி) போடுவீர்கள். முதல் சர்வரோடு லூப் முடிந்துவிடும், பிழையும் வராது. எஸ்எஸ்ஹெச் மீதிப் பட்டியலைத் தன் உள்ளீடாக எடுத்து விழுங்கிவிடுவதுதான் காரணம். எஸ்எஸ்ஹெச்சுக்கு -என் கொடுங்கள். கூடவே ‘பேட்ச்மோடு’ போட்டால் பாஸ்வேர்டு கேட்டு நின்றுபோகாது. எதையும் முதலில் ஒரே ஒரு சர்வரில் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்ற ஆறுக்கும் போங்கள்.

ஆன்சிபிள் படிக்கலாமா என்று கேட்டீர்கள். படியுங்கள், ஆனால் இந்த பேக்கப் ஸ்கிரிப்ட் ஒரு மாதம் ஒழுங்காக ஓடிய பிறகு. எந்தச் சர்வர் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று எழுதிவைத்து, அந்த நிலைக்குக் கொண்டுவரும் வேலைக்கு அது அருமையான கருவி: யூசர்கள், பேக்கேஜ்கள், கான்ஃபிக் ஃபைல்கள். எஸ்எஸ்ஹெச் வழியாகவே வேலை செய்வதால் சர்வர்களில் தனியாக ஏஜென்ட் எதுவும் நிறுவ வேண்டாம். உங்கள் லாகின் வேலை அதற்குப் பொருந்தும். ஆனால் அதிலும் ‘ஷெல்’ மாட்யூலில் பைப் போட்டால் இதே 20 பைட் ஃபைல் வரும். பாஷ் ஸ்கிரிப்ட் 100 வரியைத் தாண்டினால் வேறு மொழிக்கு மாறுங்கள் என்று கூகுளின் ஷெல் எழுத்து வழிகாட்டி சொல்கிறது. எனக்கும் அதுதான் கணக்கு. ஜேசான் வடிவத் தரவைப் படிக்க வேண்டி வந்தாலோ, கட்டளைகளை அழைப்பதைவிடத் தரவைப் பிரித்துச் சேர்ப்பது அதிகமானாலோ, பைத்தானுக்குப் போய்விடுங்கள். எந்த மொழியில் எழுதினாலும் ஸ்கிரிப்ட்கள் கிட்டில் (மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கருவி) இருக்கட்டும், பாஸ்வேர்டுகள் கிட்டுக்குள் போகவே கூடாது.

கடைசியாக ஒரு வேலை. இந்த மாதத்துக்குள் ஒருநாள், புதிய பேக்கப் ஃபைலை வைத்து டேட்டாபேஸை முழுதாக மீட்டுப் பாருங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சர்வர் விழுந்தால் மேலாளர் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான். மீட்ட டேட்டாபேஸை இஆர்பியோடு இணைத்து ஒரு பில்லாவது போட்டுப் பாருங்கள். டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதிவைத்த புரோகிராம்களில், ஸ்டோர்டு ப்ரொசீஜர்களையும் ஈவென்ட்களையும் நீங்கள் கேட்காவிட்டால் மைஎஸ்க்யூஎல்டம்ப் எடுக்காது, ட்ரிகர்களை மட்டும் எடுக்கும். பல இஆர்பி மென்பொருள்களில் நிறைய வேலை ப்ரொசீஜர்களில்தான் ஓடும். உங்கள் கட்டளையில் ‘ரொட்டீன்ஸ்’, ‘ஈவென்ட்ஸ்’ இரண்டு ஆப்ஷனும் இல்லை, இன்றைக்கே சேர்த்துவிடுங்கள். இந்தச் சோதனையைத் தனி மெஷினில் மட்டும் செய்யுங்கள். உங்கள் டம்ப் ‘ஆல் டேட்டாபேஸஸ்’ என்று எடுத்தது. எந்த டேட்டாபேஸுக்குள் போக வேண்டும் என்பது அந்த ஃபைலுக்குள்ளேயே எழுதியிருக்கும். நேரலை சர்வரில் வேறு பெயரில் மீட்கலாம் என்று நினைத்து ஓட்டினால், அது நேராக உண்மையான டேட்டாபேஸின்மேல் போய் விழும்.